கைச்செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்

பூங்காவனம் அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்து சேர்ந்தது. போளூரில் நான் கம்பாசிட்டராக இருக்கும் அச்சகத்துக்கு, காலையில் கடை திறந்ததும், ஊர் சேவைச் சங்கத்தின் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒரு தாளையும் துணியில் சுற்றிய புகைப்பட பிளாக் ஒன்றையும் முதலாளியிடம் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள வேணுங்க. சுத்தி கறுப்பு பார்டர் கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார். முதலாளி தாளை என் பக்கம் தள்ளினார். நான் வழக்கம்போல இடது கையில் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தேன். 'ஊனத்தை வென்ற மலைமகள், நாட்டியத் தாரகை பூங்காவனம் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது.

ஓர் எழுத்தைக்கூட எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடா, கையெழுத்து புரியலியா?" என்றார் முதலாளி.

"புரியுதுங்க" என்றேன்.

துணியைப் பிரித்துப் பார்த்தேன். பிளாக்கில் படம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். எங்கள் கண்ணுக்கு அது பழக்கம். மூன்று சக்கர வண்டியில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் பின்னால் சங்கத்தின் செயலாளர் நின்று சிரிக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் மடியின் மேல் இறுக மூடிக் கிடக்கின்றன. அவை ஏன் மூடியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். சங்கத்துக்கும் தெரியும்.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் அக்காவைப் பார்த்திருப்பீர்கள். போளூர்ச் சந்தையில், அமிர்தியில் வேலூர் பஸ் திரும்பும் இடத்தில், மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் கூடும் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். மணிக்கட்டில் சலங்கை கட்டி, உள்ளங்கைகளில் டயர் செருப்பு மாட்டி, தரையில் உட்கார்ந்தபடி ஆடுவாரே, ஆடி முடித்ததும் உங்களையெல்லாம் நிற்கவைத்துத் திட்டுவாரே, அவர்தான். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்ததும் இதே அச்சகத்தில்தான். சந்தையை ஒட்டி நடக்கும் விழா ஒன்றுக்கு யாரோ நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். 'இரு கால்களும் இல்லாத பெண்ணின் அதிசய நடனம், காணத் தவறாதீர்கள்' என்பது வாசகம். கோர்த்தேன், அச்சடித்தோம், சில இடங்களில் ஒட்டியும் விட்டார்கள். மறுநாள் முற்பகல் வாசல் படியில் தப், தப் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்கள் அச்சகத்தின் படிகள் உயரமானவை. ஒரு பெண் ரப்பர் மாட்டிய கைகளை மேல்படியில் ஊன்றி, உடலைத் தூக்கி வைத்து, மறுபடி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். முதலாளி பதறிப்போய் எழுந்தார்.

"இரும்மா, இரும்மா! ஆள வுட்றேன், தூக்கி வுடச் சொல்றேன்."

"தூக்க வேணாம்" என்றார் அக்கா. "அந்தப் பேப்பர் கட்ட அப்பால தள்ளுங்க. வழி வுட்டா போதும், நானே வர்றேன்."

உள்ளே வந்து இடுப்பிலிருந்து கசங்கிய நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். "இத யாரு கோத்தது?" என்று கேட்டார். முதலாளி கொஞ்சமும் தயங்காமல் என்னைக் காட்டினார்.

"தம்பி, இங்க வா. குந்து."

குந்தினேன். புடவையைக் கெண்டைக்கால்வரை விலக்கிக் காட்டினார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன கால்கள்.

"இது இன்னா?"

"கால்."

"எத்தினி?"

"ரெண்டு."

"அப்புறம் இன்னாத்துக்கு இல்லன்னு போட்ட? வேலை செய்யாது, அவ்ளோதான். போன வாரம் உங்க மிஷின் ரிப்பேருன்னு எங்க ஆளத் திருப்பி அனுப்பினீங்களே, மிஷினே இல்லன்னு வாசல்ல எழுதி ஒட்டினீங்களா?"

முதலாளி சிரித்துவிட்டார். "இல்லன்னு போட்டாத்தாம்மா கூட்டம் வரும்" என்றார்.

"வரட்டும். இருக்கிறதப் பாக்க வரட்டும்."

அந்த வரியைப் பிரித்து ஈய எழுத்துகளைக் கேஸின் அறைகளில் போட்டேன். அக்கா சொல்லச் சொல்லப் புதிதாகக் கோர்த்தேன். 'பூங்காவனம் ஆடுகிறார், பேசுகிறார்.' வேறு எதுவும் வேண்டாம் என்றார். அன்று முதல், அச்சகத்துக்கு விடுமுறை கிடைக்கும் நாட்களில் அவருடன் போக ஆரம்பித்தேன். அவருடைய தம்பி மாணிக்கம் மேளம் அடிப்பான். நான் கூட்டத்தை வட்டமாக நிறுத்தி, குழந்தைகளை முன்னால் உட்காரவைப்பேன். எங்கள் குழு அவ்வளவுதான்.

அவருடைய ஆட்டத்தை எந்த வாத்தியாரும் கற்றுத்தரவில்லை. மலை ஊர்களில் திருவிழாவுக்கு வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அதில் கால்கள் செய்வதை எல்லாம் அவர் கைகளுக்கு மாற்றிக்கொண்டார். டயர் ரப்பர் தரையில் அறையும் சத்தம்தான் அவருடைய தாளம். தப் என்று அறைந்ததும் சலங்கை பதில் சொல்லும். சட்டென்று இரண்டு கைகளிலும் உடல் முழுவதும் மேலெழும்பும். ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும். பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்ல வாயெடுப்பார்கள். அதற்குள் அவர் அடுத்த அடவுக்குப் போயிருப்பார். சில்லறை விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். "காசு போடாதீங்க. நில்லுங்க. நீங்க நிக்கணும்னுதான் ஆடினேன். இப்போ பேசப் போறனே, அதுதான் வேல" என்பார்.

ஒருமுறை சந்தையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் ஆள் கூட்டத்திலிருந்து கத்தினான். "ஏம்மே, வூட்ல குந்திக்கினு சோறு துன்னாம உனுக்கு எதுக்கு இந்த வேல?"

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான கீது. வேலைக்குப் போவாம நீ எதுக்கு சந்தையில நின்னுக்கினு கீற?"

கூட்டம் சிரித்துத் தீர்த்தது. அவனும் சிரித்தான். போகவில்லை, கடைசிவரை நின்று கேட்டான். அக்காவின் சாமர்த்தியமே அதுதான். அவமானப்படுத்தியவனையும் நிற்கவைத்து, தன் பேச்சைக் கேட்கவைத்துவிடுவார்.

பேச்சில் பல விஷயங்கள் வரும். பஸ்ஸில் அவரை மூட்டைபோலத் தூக்கிப் போட்ட நடத்துநர் வருவார். கல்யாண வீட்டில் அவரைக் கண்ணில் படாமல் பின்கட்டில் உட்காரவைத்த உறவுக்காரர் வருவார். ஆனால் எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி நடக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் இந்த உலகத்திடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

சின்ன வயதில் அப்பா அவரைத் தோளில் சுமந்துகொண்டு அந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறார். 'இத யாரு தூக்கினு திரியறது? பாத்துக்க ஆளு இல்ல' என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு தம்பியின் பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அக்கா தானாக எழுத்துக்கூட்டக் கற்றார். போன ஜூன் மாதம் அவர் ஊரில் செல்வி என்ற சிறுமியை அதே பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். செல்விக்கும் அதே நோய், அதே கால்கள். அவளையும் திருப்பி அனுப்பினார்கள். "எனக்குச் சொன்னதையே அந்தப் பொண்ணுக்கும் சொல்றாங்க தம்பி. வாத்தியார் மாறிட்டாரு, வார்த்த மாறல" என்றார் அக்கா. அன்று அவர் குரலில் கிண்டல் இல்லை. "தூக்கச் சொல்லி நாங்க கேட்டமா? படிக்குப் பக்கத்துல நாலு கூடை மண்ணக் கொட்டி சரிவு போட்டாப் போதும். அவ போய்க்குவா."

நாலு கூடை மண். ஓர் அரசாங்கத்திடம் அவர் கேட்டது அவ்வளவுதான் என்பதை நீங்கள் மறக்க வேண்டாம்.

மலைக்காரர்களைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் இளக்காரமாக நிறையப் பேசுவார்கள். படிப்பில்லாதவர்கள், சாமிக்குப் பயந்து எதையும் மாற்றாதவர்கள் என்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன ஆடித் திருவிழாவுக்கு அக்காவின் ஊருக்குப் போயிருந்தேன். ஜீப் பாதை முடிந்து, புளிய மரங்களையும் சாமை வயல்களையும் தாண்டி நடந்துதான் போக வேண்டும். கோயிலுக்கு முன்னால் உள்ள களத்தில் காலையிலேயே மேளம் வந்துவிட்டது. ஆண்களும் பெண்களும் வட்டம் கட்ட ஆரம்பித்தார்கள். பிறந்ததிலிருந்து அக்கா அந்த வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். அந்த வருடம் களத்தின் விளிம்புவரை வந்து, "நானும் ஆடப் போறேன்" என்றார்.

ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர் வயதானவர், அக்காவுக்குப் பெரியப்பா முறை. "செருப்போட சாமி எடத்துல வரக்கூடாது, பொண்ணே" என்றார்.

"கழட்டிட்டு வந்தா இந்தக் கல்லு என் கையக் கிழிச்சிடும் பெரியப்பா. நீங்க காலால ஆடறீங்க, ஒண்ணத் தூக்கினா இன்னொண்ணு தாங்குது. நான் என் ஒடம்பையே கையில சொமந்துக்கினு ஆடணும்."

"அதுக்கு இன்னா பண்றது? வழக்கம் வழக்கம்தான்."

"சரி. மாணிக்கம் கழுத்துல தொங்குதே, அது இன்னா?"

"மேளம்."

"மேளத்துல கட்டியிருக்கிறது இன்னா?"

பெரியவர் மேளத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "ஆட்டுத் தோலு" என்றார்கள்.

"செத்த ஆட்டுத் தோலு உள்ள வந்து சாமி முன்னால நிக்கலாம். லாரி டயரு வரக்கூடாதா? அது எந்த உயிரையும் கொல்லலயே."

அதன் பிறகு நடந்தது பெரிய சண்டை. கிழவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஒருவர் அக்காவை 'வாயாடி முண்ட' என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் திரும்பி வரவேயில்லை. பெண்கள் சிலர் அக்கா பக்கம் பேசினார்கள். வெயில் ஏறியது, வட்டம் கட்டியவர்கள் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஊர்க்கவுண்டர் எழுந்தார். "மேளத்துக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சித்தான உள்ள எடுக்கறோம்? இதுக்கும் தெளிங்கடா. முடிஞ்சிது பேச்சு" என்றார். அக்காவின் டயர் செருப்புகள் இரண்டையும் மேளத்துக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஊர்க்கவுண்டரே அவற்றை எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் அக்கா பின்தங்கிவிட்டார். அவருக்கும் முன்னால் ஆடியவருக்கும் நடுவில் வட்டம் அறுந்துபோனது. அதைப் பார்த்த ஊர்க்கவுண்டர் ஆடிக்கொண்டே திரும்பிக் கத்தினார். "மெதுவா அடிடா மாணிக்கம்! உங்க அக்கா வர்றாளா இல்லியா?"

மேளம் தணிந்தது. வட்டமே அவர் வேகத்துக்கு இறங்கியது. அறுந்த இடம் மறுபடி சேர்ந்துகொண்டது.

அவர்கள் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டினார்கள், தடுத்தார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்கள். பதில் இல்லாதபோது வழக்கத்தை மாற்றினார்கள். அதற்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.

இப்போது போளூருக்கு வருகிறேன்.

போன வருடம் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பதினோரு மாதமும் சும்மா இருந்துவிட்டு, வருடம் முடிவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று சேவைச் சங்கம் மார்கழியில் ஒரு விழா வைத்தது. பெரிய அதிகாரி ஒருவர் தலைமை. மலைப் பள்ளிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அக்கா ஆட ஒப்புக்கொண்டது அதற்காக மட்டும்தான். "ஆடி முடிச்சதும் மைக் குடுக்கணும். ஐயாகிட்ட நான் பேசணும்" என்று செயலாளரிடம் முதலிலேயே கேட்டார். "கட்டாயம்மா, கட்டாயம்" என்றார் செயலாளர். அவர் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மேலே பலகை அடித்து, சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதுதான் மேடை. ஓரத்தில் குத்துவிளக்கும் சாமி படங்களும் இருந்தன. அக்கா படிகளில் கைகளை ஊன்றி ஏறி மேலே வந்ததும் செயலாளர் குனிந்து, "செருப்பக் கழட்டிடும்மா. விளக்கு ஏத்தியிருக்கு" என்றார்.

நான் நாற்காலிகளைப் பார்த்தேன். விளக்கேற்றும்போது கழற்றிய ஷூக்களைத் திரும்ப மாட்டிக்கொண்டு எல்லோரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "அவங்க கால்ல இருக்கிறது இன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க விருந்தாளிங்கப்பா" என்றார் செயலாளர்.

அக்கா மேளத்துத் தோலைப் பற்றி அவரிடமும் சொல்லிப் பார்த்தார். ஊரில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததையும் சொன்னார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. ஐயாவுக்கு நேரம் ஆகுது. ஆடறதுன்னா கழட்டிட்டு ஆடு. இல்லன்னா நேரா வண்டி குடுக்கற நிகழ்ச்சிக்குப் போயிடலாம்."

ஆடவில்லை என்றால் மைக் இல்லை. அக்கா அதிகாரியைப் பார்த்தார். பிறகு இரண்டு செருப்புகளையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வெச்சிரு" என்றார்.

வெறும் கையில் தாளம் எழவில்லை. சலங்கை மட்டும் தனியாகக் கிணுகிணுத்தது. அக்காவின் சத்தத்தையும் சேர்த்துத் தானே அடித்துவிட வேண்டும் என்பதுபோல மாணிக்கம் மேளத்தை ஓங்கி ஓங்கி அடித்தான். பாதி ஆட்டத்தில், சுற்றி இறங்கிய இடத்தில், அக்காவின் வலது கை வெடுக்கென்று மேலே வந்தது. ஒரு நொடிதான். மறுபடி ஊன்றி ஆடினார். ஜமுக்காளத்துக்கு அடியில் பலகையிலிருந்து ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தில் ஏற்கெனவே சிவப்புக் கோடு இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள்.

மைக் வரவில்லை. "அடுத்து, மூன்று சக்கர வண்டி வழங்கும் நிகழ்ச்சி" என்று ஒலிபெருக்கி சொன்னது. இரண்டு இளைஞர்கள் வந்து, கேட்காமல் கொள்ளாமல் அக்காவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "தூக்காதீங்க, தூக்காதீங்கடா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வண்டியில் வைத்தார்கள். செயலாளர் பின்னால் போய் நின்றார். படம் எடுத்தார்கள். ரத்தம் புடவையில் படாமல் இருக்க அக்கா கையை மூடிக்கொண்டிருந்தார். பிளாக்கில் நான் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

அதிகாரி எழுந்து புறப்பட்டார். அக்கா வண்டியிலிருந்தபடியே, மைக் இல்லாமல், சந்தையில் பேசும் குரலில் கூப்பிட்டார்.

"ஐயா! இந்த வண்டிய எங்க ஊருக்குத் தூக்கினு போவ நாலு ஆளு வேணும். ரோடே கெடையாது. ஒரு பொண்ணத் தூக்க ஆளு இல்லன்னுதான் உங்க பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டன்றாங்க. வண்டிய நீங்களே வெச்சிக்கங்க. படிக்குப் பக்கத்துல நாலு கூடை மண்ணு கொட்டுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சிரிக்கிறீங்கல்ல? அப்போ காது கேக்குது" என்றார் அக்கா கூட்டத்தைப் பார்த்து.

அதிகாரியும் புன்னகைத்தார். "மனு குடுங்கம்மா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த மேடையில் ஒரு டாக்டர் இருந்தார். சங்கத்தின் உறுப்பினர், அவருடைய மருத்துவமனை அடுத்த தெருவில். நான் அவரை இழுக்காத குறையாக அழைத்து வந்தேன். அக்காவின் உள்ளங்கையைப் பார்த்தார். "சின்னக் காயம்தான். மஞ்சள் வெச்சா ஆறிடும்" என்றார். குழுப் படம் எடுக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய் நின்றுகொண்டார். ஆணி குத்திய கைக்கு என்ன ஊசி போட வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? அந்தக் கை மலைக்குத் திரும்பிப் போகிற கை. மண்ணிலும் சாணியிலும் ஊன்றி நடக்கிற கை. இது தெரிந்துகொள்ள டாக்டராகக்கூட இருக்க வேண்டியதில்லையே?

அக்கா என்னிடமிருந்த செருப்புகளை வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்; வண்டியை அதில் ஏற்ற நடத்துநர் மறுத்துவிட்டார். சங்க அலுவலகத்தில் இன்றும் அது நிற்கிறது. முதுகில் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.

விழா முடிந்து இரண்டு வாரத்தில்தான் அந்தக் கறுப்பு பார்டர் நோட்டீஸ் வந்தது; அதை மேஜையிலேயே வைத்துவிட்டு அன்றே மலைக்குப் போனேன். மாணிக்கம் மேளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவன்தான் சொன்னான்.

"காலையில இருந்து வாயத் தொறக்கல. கோவமா கீதுன்னு நெனச்சிக்கினேன். எங்க அக்கா பேசாம இருந்தா கோவம்தான வேற இன்னா? கஞ்சி குடுத்தேன், பல்லு வுடல. அப்புறந்தான் பாத்தா தாடையே கிட்டிப் போய்க் கீது."

ரணஜன்னி. காயத்தின் வழியாக வரும் டெட்டனஸ். உடல் வில்லாக வளைய ஆரம்பித்திருக்கிறது. கம்பில் கம்பளியைக் கட்டி டோலி செய்து அதில் படுக்கவைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் தூக்க வேண்டாம் என்றே சொன்ன அக்காவை ஊர் சேர்ந்து தூக்கியிருக்கிறது. ஊர்க்கவுண்டர் அரிவாளோடு முன்னால் போய், பாதையில் சாய்ந்திருந்த முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே, எதிரில் ஆடுமாடு ஓட்டிவந்தவர்களைப் பார்த்து "வழி வுடுங்கடா, வழி வுடுங்கடா" என்று கத்திக்கொண்டு போனாராம். மலையில் பெயருக்கு ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. அன்று அங்கே டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. கீழே இறங்கி, வேலூருக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் போய்விட்டது. திரும்ப மேலே தூக்கி வந்தார்கள். செருப்புகளையும் சலங்கையையும் உடன் வைத்துப் புதைத்தார்கள். இந்த முறை மஞ்சள் தண்ணீரை ஊர்க்கவுண்டரே தெளித்தார்.

நான் திரும்பி வந்தபோது செயலாளர் அச்சகத்தில் கோபமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, ஒரு நோட்டீஸ் கோக்க இத்தினி நாளா?"

"எதனால செத்தாங்கன்னு அதுல போடலியேங்க."

"அதெல்லாம் எதுக்கு?"

"ரணஜன்னி. உங்க மேடையில இருந்த ஆணி. அத ஒரு வரி சேத்து எழுதிக் குடுங்க, இப்பவே கோக்கறேன்."

அவர் முகம் வெளுத்தது. உடனே தெளிந்தது. "உணர்ச்சிவசப்படாத தம்பி. விதி யாருக்குத் தெரியும்? நாங்க எல்லாம் நல்ல மனசோடதான் செஞ்சோம்" என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

என் முதலாளி பெரிய வீரர் அல்ல. சங்கத்தின் வேலைகள் அவருக்குத் தேவை. அவர் எழுந்து பிளாக்கைப் பழையபடி துணியில் சுற்றினார். தாளையும் அதன் மேல் வைத்து நீட்டினார்.

"மிஷின் ரிப்பேருங்க" என்றார்.

பின்னால் டிரெடில் மிஷின் கடகடவென்று யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருந்தது. செயலாளர் அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஓர் அச்சகத்தில் அடித்தார்கள். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மலைமகள், தாரகை, இறைவனடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆணி இல்லை.

'நல்ல மனசு' என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல மனசுக்காரர்களுக்கு அக்காவைப் பார்த்துக் கண்ணீர் விடத் தெரிந்தது, கைதட்டத் தெரிந்தது, தூக்கத் தெரிந்தது. அவர் சொன்னது காதில் விழவில்லை. ஒரு செருப்பை அனுமதிக்கத் தெரியவில்லை. நாலு கூடை மண்ணுக்கு மனு கேட்கிறார்கள். கெட்ட மனசோடு சண்டை போட்ட கிழவர்களே மேல். அவர்களோடு பேசி ஜெயிக்க முடிந்தது.

பள்ளி ஜூன் மாதம் திறக்கிறது. செல்வி போகிறாள். அக்காவின் செருப்பை வெட்டிய அதே டயரின் மீதியில் மாணிக்கம் அவள் கைக்கு அளவாக இரண்டு வெட்டித் தைத்திருக்கிறான். இப்போதே மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் தப், தப் என்று திரிகிறாளாம். இரைச்சல் தாங்கவில்லை என்று அவள் அம்மா அலுத்துக்கொள்கிறாள். ஊர்க்கவுண்டர் கூடையும் மண்வெட்டியும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்ணை நாங்களே கொட்டப் போகிறோம். தடுக்க வருகிறவர்கள் வரட்டும். அக்காவின் பேச்சைச் சந்தையில் நின்று கேட்டவர்களும் வாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: யாரும் அந்தப் பெண்ணைத் தூக்காதீர்கள்.

அக்காவிடமிருந்து என்னிடம் பொருள் என்று எதுவும் மிஞ்சவில்லை. அச்சடித்து முடித்ததும் கோர்த்த எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் எந்த வரியும் நிலைப்பதில்லை. ஆனால் மலையிலிருந்து திரும்பிய அன்று நான் ஒரே ஒரு வரியைக் கோர்த்து, நூலால் இறுகக் கட்டி, என் கேஸுக்கு மேல் வைத்திருக்கிறேன். பெரிய எழுத்து. எழுத்துத் தட்டுப்பாடு என்று முதலாளி இரண்டு முறை முணுமுணுத்தார், எடுக்கச் சொல்லவில்லை. ஜூன் மாதம் அதை அடித்துப் பள்ளியின் வாசலில் ஒட்டுவேன். அதற்குப் பிறகும் பிரிக்க மாட்டேன்.

'தூக்க வேணாம். வழி வுட்டா போதும், நானே வர்றேன்.'